1860 ஆர்மி நகல் ரிவால்வர்: அச்சு முனையில் தொடங்கும் சீரமைப்பு

கோல்ட் 1860 ஆர்மி ரிவால்வரின் மேல்பக்கம் திறந்தே கிடக்கும். சிலிண்டருக்கு மேலே பாலம் கிடையாது. குழலையும் பின்சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பவை மூன்று: சிலிண்டரின் நடுவே ஓடும் ஒற்றை அச்சு, அதில் குறுக்கே அடிக்கும் ஓர் ஆப்பு, கீழே குழலின் அடித்தாடையில் பொருந்தும் இரண்டு சிறு முளைகள். ஆப்பைத் தட்டினால் துப்பாக்கி மூன்று துண்டாகப் பிரியும். அடித்தால் மறுபடி ஒன்றாகும். அச்சின் முனை குழலில் உள்ள துளையின் அடியை முட்டி நிற்கும் என்ற ஒரே கணக்கின் மேல்தான் இந்த வடிவமைப்பு முழுக்க நிற்கிறது. முனை முட்டவில்லை என்றால் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி, குழலின் கோணம், ஆப்பின் இறுக்கம் எல்லாமே ஒவ்வொரு முறை பிரித்து மாட்டும்போதும் மாறும். இன்றைய நகல்கள் பலவற்றில் இடறுவது இந்த இடம்தான்.

அசலைக் கோல்ட் நிறுவனம் ஹார்ட்ஃபோர்டில் 1860 முதல் 1873 வரை சுமார் 2,00,000 எண்ணிக்கையில் செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கி அது. உலோகத் தோட்டா வந்ததும் 1873இல் தயாரிப்பு நின்றது. 1950களின் கடைசியில் நேவி ஆர்ம்ஸ் நிறுவனத்தின் வால் ஃபோர்ஜெட், இத்தாலியின் பிரேஷா மாவட்டத்தில் உள்ள கார்தோனே வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்குக்குப் போய் 1851 நேவி மாதிரியை மறுபடி செய்யவைத்தார். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. வாங்க ஆள் இருந்தது. ஆல்டோ உபெர்டி 1959இல் அங்கேதான் தொழில் தொடங்கினார். 1970களில் கோல்ட் நிறுவனமே தன் பழைய மாதிரிகளை மறுபடி வெளியிட்டபோது அதற்கான முரட்டு உதிரிகளும் இத்தாலியிலிருந்து வந்தவைதான். கார்தோனேயில் உள்ள அரசுச் சோதனை நிலையத்தின் முத்திரை ஒவ்வொரு நகலிலும் இருக்கும். நட்சத்திரத்தின் கீழ் ‘பிஎன்’ என்று இருந்தால் கருமருந்து அழுத்தத்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது என்று பொருள். இதில் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கூடப் போடக் கூடாது. சிலிண்டரே வெடித்துப் பிளக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இதைப் பழம்பொருள் வகையில் வைக்கிறது. பிரிட்டனில் 1997 கைத்துப்பாக்கித் தடைக்குப் பிறகும் வாய்வழி நிரப்பும் ரிவால்வரைச் சான்றிதழோடு வைத்திருக்கலாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். கீழே உள்ள வேலைகள் எல்லாம் சட்டப்படி கையில் இருக்கும் துப்பாக்கிக்கு மட்டும்.

வேலைக்கு எடுத்தது

இத்தாலியத் தயாரிப்பு 1860 ஆர்மி நகல், .44, 8 அங்குல உருட்டுக் குழல், எஃகுச் சட்டம். குறைகள் நான்கு. ஆப்பை நன்றாக அடித்தால் சிலிண்டர் சுழலாமல் இறுகுகிறது. லேசாக அடித்தால் ஒரு சுற்று முடிவதற்குள் ஆப்பு தளர்ந்து வெளியே நகர்கிறது. வெடித்த கேப்பின் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) துண்டு, ஹேமர் (கேப்பை அடிக்கும் சுத்தி) பள்ளத்தில் விழுந்து இயக்கத்தை நிறுத்துகிறது. சிலிண்டரைச் சுற்றிப் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கிறது.

முதல் வேலை, காலியா என்று பார்ப்பது. இதில் தோட்டா கிடையாது. ஆறு அறையிலும் மருந்தும் குண்டும் தனித்தனியாக அடைபட்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கேப் இல்லை என்பதால் காலி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. சிலிண்டரைக் கழற்றி, மெல்லிய மரக்குச்சியை ஒவ்வோர் அறையிலும் அடிவரை விட்டு, ஆழத்தைக் குச்சியில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு குறியும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் அடுத்த வேலை.

தேவைப்பட்டவை: 0.05 மி.மீ. முதல் உள்ள ஃபீலர் கேஜ், வெர்னியர், நைலான் தலைச் சுத்தியல், பித்தளைக் குச்சி, நுண் அரம், எண்ணெய்க் கல், 400 மற்றும் 800 உப்புத்தாள், நிப்பிளைக் (கேப் உட்காரும் துளைமுனை) கழற்றும் ஸ்பானர், வெவ்வேறு தடிமனில் மெல்லிய வாஷர்கள். திருப்புளிதான் முக்கியம். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் சரிந்திருக்கும்; அது பள்ளத்தின் மேல் விளிம்பில் மட்டும் பிடித்துத் திருகின் தலையைச் சிதைத்துவிடும். பக்கங்கள் இணையாகத் தீட்டப்பட்ட, பள்ளத்தின் அகலம் முழுக்க நிரப்பும் நுனி வேண்டும். நகல்களின் திருகுகள் மென்மையானவை. தொழிற்சாலை இறுக்கம் விடாவிட்டால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்தால் போதும்.

அச்சு

முதலில் அச்சே சட்டத்தில் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். குழலையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டு அச்சைப் பிடித்து அசைத்தால் அசையக் கூடாது. எஃகுச் சட்டத்தில் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பித்தளைச் சட்ட நகல்களில் அச்சின் மரை நாளடைவில் தளர்வதும், சிலிண்டரின் பற்கள் பின்தட்டில் தடம் பதிப்பதும் வழக்கம். அதனால் பித்தளைச் சட்டத்துக்கு மருந்தைக் குறைத்தே போட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பித்தளைச் சட்டத்தில் ‘.44 நேவி 1851’ என்று விற்பதற்கு அசல் என்று ஒன்று இருந்ததே இல்லை. கோல்ட் செய்த 1851 நேவி .36 மட்டுமே. பித்தளைச் சட்டத்துக்கு உண்மையான முன்னோடி ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் பட்டறை தெற்குப் படைக்குச் செய்த .36 ரிவால்வர். வரலாற்று உண்மைக்காக வாங்குபவர்கள் இதைக் கவனித்து வாங்க வேண்டும்.

அடுத்து நீளச் சோதனை. சிலிண்டரை மாட்டாமல், குழலை மட்டும் பக்கவாட்டில் திருப்பி அச்சில் செருக வேண்டும். அடித்தாடை சட்டத்துக்கு நேராக வராமல் ஒரு பக்கமாக விலகி இருக்கும். அதனால் அச்சு எவ்வளவு தூரம் உள்ளே போக முடியுமோ அவ்வளவும் போகும். அப்படியே குழலைத் திருப்பி, தாடையின் ஓரம் சட்டத்தின் ஓரத்தைத் தொடும் இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அச்சு சரியான நீளமாக இருந்தால் இரண்டு முகங்களும் ஒரே மட்டத்தில் நிற்கும். குட்டையாக இருந்தால் குழலின் தாடை சட்டத்தின் முகத்தைத் தாண்டிப் பின்னால் போய்விடும். எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு குறை. இந்தத் துப்பாக்கியில் தாண்டியது 3.3 மி.மீ.; பட்டறைக் கணக்கில் ஒரு நூலுக்குச் சற்று மேல்.

இதன் விளைவைப் புரிந்துகொண்டால் முதல் இரண்டு குறைகளும் ஒன்றே என்பது தெரியும். ஆப்பு, அச்சின் துளையில் முன்சுவரையும் குழலின் துளையில் பின்சுவரையும் தள்ளுகிறது. அதாவது குழலைப் பின்னால் இழுக்கிறது. அச்சு முனை எதையும் முட்டாதபோது அந்த இழுப்பை நிறுத்த மேலே எதுவும் இல்லை. கீழே தாடை சட்டத்தில் முட்டி நின்றுவிடுகிறது. மேலே குழல் மட்டும் சிலிண்டரை நோக்கி மேலும் வருகிறது. குழலின் வாய் மேல்நோக்கித் தூக்குகிறது. ஆப்பை ஒரு தட்டுத் தட்டினால் இடைவெளி 0.25 மி.மீ., இன்னொரு தட்டில் 0.10, மூன்றாவதில் சிலிண்டர் பூட்டிக்கொண்டது. இறுக்காமல் விட்டாலோ ஒவ்வொரு வெடிக்கும் குழல் அச்சின் மேல் முன்னும் பின்னுமாக அடித்து, ஆப்பின் பக்கங்களை நசுக்கித் தளர்த்துகிறது. ஆப்பு கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போடுபவர்கள் அதையும் நசுக்குவார்கள். குறை ஆப்பில் இல்லை.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. அச்சின் முனையில் துளையிட்டு மரை வெட்டி, குமிழ்த்தலைத் திருகு ஒன்றைப் பொருத்தி நீளம் கூட்டலாம். பின்னாளில் தேய்ந்தால் திருகைச் சற்றே வெளியே எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது இதன் நன்மை. துளை நடுவில் நேராக விழ வேண்டும் என்பதால் லேத்து இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். இன்னொரு வழி, குழலில் உள்ள துளையின் அடியில் ஓர் எஃகுப் பொத்தானை வைப்பது. அச்சைத் தொடாமலே முடிகிற வேலை. தவறினால் பொத்தானைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யலாம். இங்கே செய்தது இரண்டாவது.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்று தெரிந்துகொள்ள வாஷர்கள். துளைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, பக்கவாட்டுச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, இரண்டு முகமும் மட்டமாகும்வரை சேர்க்க வேண்டும். வாஷர் அடுக்கை வெளியே எடுத்து வெர்னியரில் அளந்தால் 3.2 மி.மீ. வந்தது. முதலில் அளந்த குறையோடு 0.1 வித்தியாசம் ஏன்? துளையின் அடி தட்டையாக இல்லை. ட்ரில் பிட்டின் நுனி விட்டுப்போன கூம்புப் பள்ளமும் ஓரத்தில் வளைவும் இருக்கின்றன. வாஷரின் விளிம்பு அந்த வளைவில் ஏறி உட்கார்ந்திருந்தது. இதைக் கவனிக்காமல் நேர்விளிம்புப் பொத்தான் செய்தால் அதுவும் வளைவிலேயே நிற்கும். பத்து வெடிக்குப் பிறகு நசுங்கி உள்ளே இறங்கும். மறுபடி அச்சு குட்டையாகிவிடும். ஆகவே பொத்தானின் பின்விளிம்பைச் சுற்றிலும் 0.5 மி.மீ. சாய்த்துத் தேய்க்க வேண்டும்.

பொத்தானின் விட்டம் துளையைவிட 0.1 மி.மீ. குறைவு, தடிமன் முதலில் 3.6 மி.மீ. என்று வேண்டுமென்றே கூடுதலாக வைத்துக்கொண்டது. போட்டு மாட்டிப் பார்த்தால் தாடைக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அது தெரிய வேண்டும். பிறகு கண்ணாடித் தட்டின் மேல் 400 தாளை விரித்து, பொத்தானை எட்டு வடிவில் தேய்த்து, பத்துப் பத்துச் சுற்றுக்கு ஒருமுறை அளந்து, போட்டுப் பார்க்க வேண்டும். அச்சின் முனையில் நீல மை தடவினால் எங்கே தொடுகிறது என்று தெரியும். முதலில் ஒரு பிறைத் துண்டு மட்டுமே மை பட்டது. அச்சு முனையே சற்றுச் சாய்வாக அறுக்கப்பட்டிருந்தது என்பதற்கு அடையாளம். நுண் அரத்தில் மூன்று நான்கு இழுப்பு. மை முக்கால் வட்டத்துக்கு வந்தது. முழு வட்டம் வரவில்லை என்று மேலும் அராவ வேண்டியதில்லை.

3.3 மி.மீ.யில் முகங்கள் மட்டமாயின. இப்போது சிலிண்டரோடு மாட்டி ஆப்பை அடித்தால் தாடையும் அச்சு முனையும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கின்றன. சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அளந்த இடைவெளி 0.15 மி.மீ. ஆப்பை மேலும் எவ்வளவு தட்டினாலும் இந்த அளவு மாறவில்லை. இந்த ஒரு சோதனையே போதும், வேலை சரியா தவறா என்று சொல்லிவிடும்.

0.08 முதல் 0.15 வரை நல்ல அளவு. அதற்குக் கீழே போக ஆசைப்பட வேண்டாம். கருமருந்தின் கரி சிலிண்டர் முகத்தில் படிந்து, இரண்டாவது சுற்றுக்குள் சிலிண்டர் இழுக்கத் தொடங்கிவிடும். இடைவெளி 0.25க்கு மேல் நின்றால், பொத்தானையும் தாடையின் முகத்தையும் சம அளவில் தேய்க்க வேண்டியிருக்கும். பொத்தானை எத்தனை முறையும் புதிதாகச் செய்யலாம். தாடையில் தேய்த்த உலோகம் திரும்ப வராது. பொத்தான் விழுந்துவிடாமல் இருக்க அதன் பின்முகத்தில் மட்டும் ஒரு துளி மரைப்பசை போதும்.

ஆப்பு இப்போது முன்பைவிட ஆழமாகப் போகலாம். மறுபக்கம் ஓரிரு மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்பது சரி. ஆப்பின் மேல் உள்ள சிறு திருகு ஆப்பு முழுக்க வெளியே விழாமல் தடுப்பதற்கு மட்டும். ஆழத்தை நிறுத்துவதற்கு அல்ல. பலர் அந்தத் திருகை இறுக்கி இடைவெளியைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அச்சு குட்டையான துப்பாக்கியில் அது தற்காலிகச் சமாளிப்பு. வெடிக்க வெடிக்க ஆப்பின் உதடு சிதையும்.

உள் இயக்கம்

பிரிக்கும் வரிசை: ஹேமருக்குப் பின்னால் இரண்டு திருகு, பிடியின் அடியில் ஒன்று, பின்பட்டையும் மரப்பிடியும் வரும். பிறகு மெயின் ஸ்பிரிங்கின் திருகு. பிறகு விசைக் காப்பின் மூன்று திருகு. இரட்டைக் கால் ஸ்பிரிங்கின் திருகு, விசையின் குறுக்குத் திருகு, போல்ட்டின் (சிலிண்டரைப் பூட்டும் நாக்கு) குறுக்குத் திருகு, கடைசியில் ஹேமர் திருகு. ஹேமரும் அதோடு இணைந்த, சிலிண்டரைச் சுழற்றும் கையும் சேர்ந்து கீழ்வழியாக இறங்கும். திருகுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறு. ஓர் அட்டையில் துப்பாக்கிப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

உள்ளே பார்த்தால் பிசிறு நிறைய. இந்த விலைக்கு இவ்வளவு நேர்த்தியான வெளிப்புறம் கொடுத்தவர்கள் மிச்சம் பிடித்தது உள்ளேதான். போல்ட்டின் பக்கங்களிலும் கையின் ஓரத்திலும் வெட்டுக் கருவி விட்டுப்போன தடங்களை எண்ணெய்க் கல்லில் தட்டையாக இழுத்தால் போதும், மினுக்க வேண்டியதில்லை. ஹேமரைப் பாதியில் நிறுத்தும் அரைக்கொக்கி, முழுக்க இழுத்து நிறுத்தும் முழுக்கொக்கி வெட்டுகளிலும் விசையின் நுனியிலும் மட்டும் கல்லையோ அரத்தையோ வைக்கக் கூடாது. அங்கே கடினத்தோல் மெல்லியது. அது போனால் கொக்கி வழுக்கும், தானாக வெடிக்கும். விசை கனமாக இருக்கிறது என்று அந்த இடத்தில் கை வைப்பவர்கள் துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள்.

சிலிண்டரின் கோட்டுக்குக் காரணம் போல்ட். ஹேமரை மெதுவாக இழுத்தால் போல்ட் முதலில் கீழே இறங்கிச் சிலிண்டரை விடுவிக்கும். சிலிண்டர் சுழன்று அடுத்த பள்ளம் வருவதற்குச் சற்று முன்பாக, பள்ளத்துக்கு இறங்கும் சரிவில், போல்ட் மேலே துள்ளி விழ வேண்டும். இங்கே சரிவு தொடங்குவதற்கு முன்பே விழுந்து சிலிண்டரின் உடம்பை உரசிக்கொண்டு வருகிறது. போல்ட்டின் ஒரு கால் ஹேமரின் பக்கத்தில் உள்ள வட்டக் குமிழின் மேல் ஏறி வழுக்கி விழுவதுதான் இந்தத் துள்ளல். கால் நீளமாக இருந்தால் தாமதமாக விழும். சற்றுத் தேய்த்துச் சரிசெய்யலாம். கால் குட்டையாக இருந்தால் சீக்கிரம் விழும். அதற்கு மருந்து அரம் அல்ல, புதிய போல்ட். சீக்கிரம் விழுகிற போல்ட்டின் காலை மேலும் தேய்த்து மோசமாக்குவது அடிக்கடி நடக்கிற தவறு. புதிய போல்ட் கால் சற்று நீளமாகவே வரும். ஐந்தாறு முறை தேய்த்து மாட்டிப் பார்த்ததில் சரிவின் நடுவில் விழுந்தது. போல்ட் தலையின் கூர்விளிம்பை 800 தாளில் மழுக்கியாயிற்று.

போல்ட் காலுக்கான ஸ்பிரிங் அழுத்தமும் அதிகம். இரட்டைக் கால் ஸ்பிரிங்கில் குறுக்காக அரத்தடம் இருந்தால், என்றைக்காவது அந்தத் தடத்தில்தான் ஒடியும். நீளவாக்கில் கல்லை இழுத்து அந்தக் குறுக்குத் தடங்களை அழித்தால் ஆயுள் கூடும். இரண்டு கால் பிரியும் மூலையை வட்டமாக்க வேண்டும். விரிசல் பிறப்பது அங்கே. கையில் பதித்த சிறு தட்டை ஸ்பிரிங்கும் ஒடிகிற சாதிதான். மாற்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டியபின் சோதனை: அரைக்கொக்கியில் சிலிண்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிறகு சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு ஹேமரை மெதுவாக முழுக்க இழுத்தால், ஆறு பள்ளத்திலும் போல்ட் விழுந்து பூட்ட வேண்டும். ஓர் அறையில் மட்டும் பூட்டவில்லை என்றால் பின்னால் உள்ள பற்களில் அந்த ஒன்றுக்குத் தேய்மானம்.

கேப்பும் நிப்பிளும்

கேப் துண்டு ஏன் ஹேமர் பள்ளத்தில் விழுகிறது? வெடித்ததும் பின்னால் வரும் வாயு ஹேமரைச் சற்றுத் தூக்குகிறது. உப்பிப் பிளந்த கேப், ஹேமர் முகத்தில் உள்ள சிறு வெட்டில் சிக்கிக்கொள்கிறது; அடுத்த இழுப்பில் ஹேமர் அதை நிப்பிளிலிருந்து பிடுங்கிப் பள்ளத்துக்குள் கொண்டு போகிறது. அந்த வெட்டு வீணாக வைத்ததல்ல. சிலிண்டரின் பின்னால் அறைகளுக்கு நடுவே உள்ள முளையில் ஹேமரை நிறுத்தி வைப்பதற்காக கோல்ட் வைத்தது. அதை நிரப்பிவிடுகிறவர்களும் உண்டு. நிரப்பினால் ஐந்து அறை மட்டும் அடைத்து, காலியான அறையின் மேல் ஹேமரை இறக்கிவைக்க வேண்டும். முளையை நம்பியிருப்பதைவிட அது எப்படியும் பாதுகாப்பு. இங்கே வெட்டை நிரப்பாமல், அதன் விளிம்புகளை மட்டும் மழுக்கி, ஹேமர் முகத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றிப் பார்த்தது. பெரும்பகுதி தீர்ந்துவிட்டது.

மெயின் ஸ்பிரிங்கை மெலிய வைத்தால் இழுக்கச் சுகமாக இருக்கும். ஆனால் வாயுவை எதிர்த்து நிற்கும் பலம் போய்விடும், கேப் சிக்கல் கூடும். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு தோல் துண்டு வைத்துச் சற்றுத் தளர்த்துவதற்கு மேல் போகக் கூடாது.

நிப்பிளின் மரை எம்6 × 0.75. பழைய நிப்பிள்களின் நுனி காளான்போல விரிந்திருந்தது. ஹேமர் அவற்றை நேரடியாக அடித்ததற்குச் சான்று. விரிந்த நுனியில் கேப் முழுதாக உட்காராது. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதற்கே செலவாகும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். புதியவற்றை மாட்டி, ஹேமரை இறக்கி, நடுவே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து இழுத்தால் கிழியாமல் வர வேண்டும். மூன்று நிப்பிளில் கிழிந்தது. அந்த மூன்றின் நுனியை மட்டும் தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம். ஹேமரைத் தேய்க்கக் கூடாது. நிப்பிளின் தீத்துளையில் 1 மி.மீ. ட்ரில் பிட்டின் தண்டு தாராளமாகப் போனால் அந்த நிப்பிள் முடிந்தது. துளை பெரிதானால் பின்வரும் வாயு கூடும். மரையில் சிறிது பிடிப்புநீக்கிக் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரியோடு இறுகி அடுத்த முறை வராது. கேப்பில் 10ஆம் எண், 11ஆம் எண் இரண்டும் உண்டு. விரலால் அழுத்தினால் நிப்பிளின் தோள்வரை போய்க் கவ்வுவது எதுவோ அதுதான் சரி. தளர்ந்த கேப்பைக் கிள்ளி வளைத்து மாட்டும் பழக்கத்தை விட வேண்டும். ஓர் அறை வெடிக்கும்போது பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிக்கும் சங்கிலி வெடிக்குத் தளர்ந்த கேப்பும் காரணம், அளவு குறைந்த குண்டும் காரணம்.

குண்டின் அளவுக்குச் சோதனை சுலபம். நெம்புகோலால் அழுத்தும்போது ஈயம் முழு வளையமாகச் சீவி வர வேண்டும். இந்தச் சிலிண்டரில் .451 குண்டு பாதி வளையமே கொடுத்தது; .454 முழு வளையம்.

பிடி

நகல்களின் வால்நட் மரப்பிடியில் சிவந்த, கண்ணாடிபோல மின்னும் வார்னிஷ் இருக்கும். பிடிக்காதவர்கள் பெயிண்ட் நீக்கி போட்டுக் களைந்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சாக ஏழெட்டு நாள் தேய்க்கலாம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானே சூடேறித் தீப்பிடிக்கும்; விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும். மரம் பின்பட்டையைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் பட்டையோடு சேர்த்துத் தேய்க்காமல் மரத்தை மட்டும் தேய்க்க வேண்டும்.

சிலிண்டரில் உருட்டிப் பதித்த கடற்போர்ச் சித்திரத்தின் மேல் உப்புத்தாள் படவே கூடாது. 1843 மே 16இல் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதிய காட்சி அது, டபிள்யூ. எல். ஆர்ம்ஸ்பி செதுக்கியது. பதிப்பு ஆழம் குறைவு, இரண்டு முறை தேய்த்தால் கப்பல்கள் காணாமல் போகும். போல்ட் விழுத்திய கோட்டைக் கூட மறைக்க முயலாமல் விட்டுவிட்டோம்.

சுட்டுப் பார்த்தது, கழுவியது

மூன்று எஃப் என்ற நுண்மணிக் கருமருந்து 22 கிரெய்ன், அதாவது சுமார் 1.4 கிராம்; மேலே கொழுப்பு ஏற்றிய கம்பளி வட்டு; .454 குண்டு. ஒரு சுற்றுக்கு ஐந்து அறை. மருந்து எவ்வளவு குறைந்தாலும் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்றிடம் இருக்கக் கூடாது. குண்டு இறுகி உட்கார வேண்டும். ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் சம எடையில் உருக்கிய மசகை அச்சின் சுருள் பள்ளங்களில் நிரப்பியது. வெயில் காலத்தில் மெழுகைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கனிம எண்ணெய் இங்கே உதவாது. கருமருந்தின் கரியோடு சேர்ந்து தாராகி அச்சைப் பிடித்துக்கொள்ளும்.

பன்னிரண்டு சுற்று, அறுபது குண்டு. மூன்று சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டரின் முகத்தையும் அச்சையும் ஈரத்துணியால் துடைத்தால் போதுமாக இருந்தது. ஆப்பின் ஓரத்தில் போட்ட பென்சில் குறி நகரவில்லை. கேப் இரண்டு முறை சிக்கியது. இரண்டும் வாயை மேலே தூக்காமல் ஹேமரை இழுத்தபோது. வாயைத் தூக்கி இழுத்தால் துண்டுகள் பின்னால் வெளியே விழுந்துவிடுகின்றன.

கழுவுவதற்கு வெந்நீரும் துளி பாத்திரச் சோப்பும்தான். கரியில் உள்ள பொட்டாசியம் உப்புகள் நீரில் கரைபவை, எண்ணெயில் கரையாதவை. காற்றின் ஈரத்தை இழுத்து ஓர் இரவில் துருவைக் கொண்டுவரும். குழல், சிலிண்டர், நிப்பிள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழுவி, 90 டிகிரி அடுப்பில் கால் மணி நேரம் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மசகு தடவ வேண்டும். மரப்பிடியை முன்பே கழற்றிவிட வேண்டும். பொத்தான் இருக்கும் துளைக்குள் நீர் தேங்கும். பஞ்சுக் குச்சியால் துடைக்காமல் மாட்டினால் துரு அங்கேதான் முதலில் வரும்.

கழுவி மாட்டிய பிறகு இடைவெளி 0.15 மி.மீ. அப்படியே இருக்கிறது. பொத்தானின் முகத்தில் அச்சு முனையின் வட்டத்தடம் மங்கலாகப் பதிந்திருக்கிறது, பள்ளமாகவில்லை. 25 மீட்டரில் குண்டுகள் குறிக்கு ஒரு சாண் மேலே விழுகின்றன. கோல்ட் வைத்த பார்வை நெடுந்தூரத்துக்கானது. முன்குறி மிகக் குட்டை. குழலின் கோணம் இனி மாறாது என்பதால் இப்போது உயரமான பித்தளை முன்குறி ஒன்றைப் பொருத்தி, சிறிது சிறிதாக அராவிக் குண்டை மேலே ஏற்றிக்கொண்டு வரலாம். அடுத்த வேலை அது.